பிராணிப் பரீட்சை

சொந்த வீட்டின் மாடியை வாடகைக்கு விட்டு, அந்த வாடகையையும் தமது பென்ஷனையும் கொண்டு சுகஜீவனம் நடத்துகிற சென்னைவாசிகளில் பல ரகம் உண்டு. மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் பணம் கைக்கு வந்துவிட்டால், மாடியில் குடியிருப்பது மனுஷரா மாயாவியா என்றுகூடக் கேளாத விரக்தர்களும் இருக்கிறார்கள். மேலே கடுகு வெடிக்கும் ஓசையைக் கொண்டே அங்கே இன்று என்ன சமையல், யார் விருந்தாளி, அவர் எந்த ரயிலில் ஊர் திரும்பப் போகிறார் என்பதையெல்லாம் கணித்துச் சொல்லிவிடும் திரிகாலஞானிகளும் இருக்கிறார்கள். இவ்விரு சாராரையும் நம் எழுத்தாளர்கள் வேண்டிய மட்டும் சித்திரித்துவிட்டார்கள். ஆனால் இதே வர்க்கத்திலிருந்து அண்மையில் கிளைத்திருக்கும் ஒரு புதுப் பிரகிருதியின் மீது மட்டும் இன்னும் யாருடைய பார்வையும் சரியாக விழுந்ததாகத் தெரியவில்லை. குடிவர விரும்புகிற மனுஷரை வாசற்படியோரம் நிறுத்திவிட்டு, அவரோடு குடிவர இருக்கிற நாயையோ பூனையையோ கூடத்துக்கு அழைத்துக் குலம் கோத்திரம் விசாரிக்கிறவர் இவர். பிராணிப் பரீட்சகர் என்று அழைத்தால் இவருக்குப் பொருத்தமாக இருக்கும்.

இவருடைய இனத்தார் நகரின் எல்லாப் பேட்டைகளிலும் பரவியிருக்கிறார்கள் என்றாலும், உத்தமமான மாதிரி ஒன்றைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நங்கநல்லூருக்கு வருவதே நல்லது. 32 அடி உயரத்தில் ஆஞ்சநேய சுவாமி விசுவரூபம் எடுத்து நிற்பதாலும், சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பெருந்தொகையாக வீடு கட்டிக்கொண்டு நிலைத்துவிட்டதாலும், பக்தியும் கணக்கும் ஒருங்கே செழித்த க்ஷேத்திரம் அது. என் அண்டை வீட்டுக்காரரான இந்தப் பரீட்சகர் தணிக்கைத் துறையில் ஆட்சேபணைக் குறிப்பு எழுதி எழுதியே தலை நரைத்தவர். ஒருவர் ரயிலில் போய் வந்ததாகப் பிரயாணப் படி கேட்டால், அவர் போனாரா என்று பார்ப்பதற்கு முன், அந்த ரயில் அன்றைய தினம் ஓடிற்றா என்று பார்க்கிற சுபாவம் அவருக்கு. பிறர் வீட்டை வீடு என்று சொல்வார்கள். இவரோ அதைத் தமது சரீரத்தின் விஸ்தரிப்பாகவே கருதுகிறார். மாடியில் யாராவது சுவரில் ஆணி அடித்தால், கீழே சாய்வு நாற்காலியில் இருக்கும் இவர் தமது விலாவைப் பிடித்துக்கொள்வார். மீனம்பாக்கத்து விமானங்கள் கூரையை உரசிக்கொண்டு போகிற ஆரவாரத்தில் இவருடைய நித்திரை கலைவதே இல்லை. தெருக்கோடியில் ஒரு நாய் குரைத்தால் மட்டும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். காரணம் கேட்டால், "விமானம் போயிடும் சார், நாய் போகுமோ?" என்பார்.

இப்படிப்பட்டவருடைய கேட்டில், 'சைவ உணவினர் மட்டும். பிராணிகள் கூடாது' என்று வெகுகாலம் ஒரு பலகை தொங்கியதில் வியப்பில்லை. அது பரிசீலனைக்கு வந்தது பஞ்சாங்கத்தின் நிர்ப்பந்தத்தால். தை மாதம் காலியான மாடி, ஆனி பிறந்த பிறகும் காலியாகவே கிடந்தது. ஆடி பிறந்துவிட்டால் எந்தத் தமிழனும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டான் என்பது வீட்டுக்காரர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அறிந்து வைத்திருக்கும் சத்தியம். புரோக்கரோ, தாம் அழைத்து வருகிற ஜனங்களில் பாதிப் பேர் பலகையைப் படித்துவிட்டு ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே திரும்பிவிடுகிறார்கள் என்று முறையிட்டார். "குழந்தை இல்லாத குடித்தனம்கூடக் காட்டிடுவேன் சார். நாய், பூனை இல்லாத குடித்தனம் இந்தக் காலத்துல கஷ்டம்" என்பது அவருடைய தொழில் அனுபவம். ஆகவே பலகையின் கடைசி வரி வெள்ளைச் சாயத்தால் மறைக்கப்பட்டு, அவ்விடத்தில் 'பிராணிகள் பரிசீலனைக்கு உட்பட்டவை' என்ற வாசகம் ஏறிற்று. பரிசீலனை ஞாயிற்றுக்கிழமைகளில், ராகுகாலம் தொடங்குவதற்கு முன் முடியும்படி, மாலை மூன்றரை மணிக்கு வைத்துக்கொள்ளப்பட்டது. பட்சபாதமற்ற சாட்சி ஒருவர் வேண்டுமென்று என்னையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார்.

முதலில் வந்தது பொன்னிற லாப்ரடார் ஒன்று. அதைப் பிடித்துக்கொண்டு வந்தவர் பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கும் வாலிபர். இங்கே நம் பரீட்சகரின் விசாரணை முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நாகரிகம் மிகுந்த மனுஷராதலால், குடிவருகிற எந்த மனுஷரிடமும் ஜாதியைக் கேட்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. "பூர்வீகம் எந்தப் பக்கம்?" என்பார், "குலதெய்வம் எந்த ஊரில்?" என்பார், "வீட்டில் வெங்காயம் பூண்டு சேர்க்கிறதுண்டோ?" என்று தோட்டக்கலை நிபுணரைப்போல விசாரிப்பார், இவ்வளவு சுற்றுப் பிரகாரங்களையும் வலம் வந்து, கர்ப்பக்கிருகத்தைத் தொடாமலே தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டு திரும்பிவிடுவார். வருகிறவரும், எதற்காகக் கேட்கிறார் என்பது தமக்குப் புரியாததுபோல் பதில் சொல்வார். ஆயுள் முழுதும் இந்தச் சிரமத்தைச் சுமந்து பழகியவருக்கு, ஒரு நாயின் முன்னிலையில் எத்தகைய சுதந்திரம் சித்தித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

"என்ன ஜாதி?" என்றார், நிமிர்ந்து உட்கார்ந்து.

"லாப்ரடார் சார்."

"தாய், தகப்பன் ரெண்டும் அதேதானா? கலப்பு ஒண்ணும் இல்லையே?"

"ப்யூர் சார். சர்ட்டிபிகேட்டே இருக்கு" என்று வாலிபர் ஒரு காகிதத்தை நீட்டினார். இந்தியாவின் நாய் வம்சங்களையெல்லாம் பதிவு செய்து வைத்திருக்கும் கென்னல் கிளப்பின் தலைமையிடம் நம் சென்னையிலேயே இருக்கிறது. அது வழங்குகிற பத்திரத்தில் தந்தைவழி, தாய்வழி முன்னோரின் நாமதேயங்களெல்லாம் கிளை கிளையாக அச்சாகியிருக்கும். பரீட்சகர் அதைக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு இருமுறை படித்தார். "பாருங்கோ சார், நமக்கெல்லாம் கொள்ளுத்தாத்தாவுக்கு மேலே பேர் சொல்லத் தெரியாது" என்று என்னிடம் சொன்னபோது அவர் குரலில் மரியாதை இருந்தது. அடுத்த கேள்விதான் நெருக்கடியை உண்டாக்கிற்று.

"சைவம்தானே?"

வாலிபர் ஒரு கணம் தயங்கினார். அந்தத் தயக்கத்தைத் தணிக்கைக்காரர் எவரும் தவறவிட மாட்டார். வீட்டில் தயிர் சாதம்தான் பிரதானம், மற்றபடி கடையில் வாங்குகிற உலர்ந்த உருண்டைகள் என்று பதில் வந்தது. உடனே அந்த உருண்டைப் பை தருவிக்கப்பட்டது. நம் நாட்டில் உணவுப் பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி போடுவது வழக்கமாதலால், அவர் பையை முன்னும் பின்னும் புரட்டி அந்தப் புள்ளியைத் தேடினார். கிடைத்தது ஒரு கோழியின் படம். கோழி படத்தில் மட்டும் இருக்கிறதா, உள்ளேயும் இருக்கிறதா, உள்ளே இருந்தாலும் வாசனை கீழே இறங்குமா என்பன பற்றிக் கால் மணி நேரம் வாதம் நடந்தது. நாய்களுக்கென்றே சைவ ஆகாரமும் கடையில் விற்கிறார்கள் என்ற செய்தியை வாலிபர் வெளியிட்டதும் பரீட்சகரின் முகம் மலர்ந்தது. காரியம் ஏறக்குறையக் கைகூடிவிட்டது என்று நான் நினைத்த தருணத்தில், காப்பி கொண்டுவந்த மாமி, "அதுக்குப் பேர் என்ன?" என்று கேட்டுவிட்டாள். வாலிபர் சொன்ன பெயர், காலஞ்சென்ற அவளுடைய தகப்பனாரின் பெயர். நாலு பேர் கேட்க அந்தப் பெயரைச் சொல்லி, 'உட்கார்', 'வாயை மூடு', 'செருப்பைத் தொடாதே' என்றெல்லாம் மாடியில் தினந்தோறும் அதட்டுவார்களே என்று மாமியின் கண் கலங்கிற்று. பரீட்சகர் ஆறுதல் சொன்னார்; ஆனால் அந்தக் காட்சியை மனத்தில் ஓட்டிப் பார்த்துக்கொண்ட அவர் முகத்தில், துக்கத்தைச் சேர்ந்ததென்று சொல்ல முடியாத ஒரு சாயல் சற்று நேரம் தங்கியிருந்ததை நான் கவனித்தேன். எப்படியோ, அந்தச் சம்பந்தம் முறிந்தது.

அடுத்து வந்தது சப்பை மூக்கு நாய் ஒன்று. 2003-ஆம் ஆண்டில் ஒரு செல்போன் கம்பெனியின் விளம்பரத்தில் ஒரு சிறுவனைப் பின்தொடர்ந்து ஓடிய நாளிலிருந்து இந்த ரகத்துக்கு நம் ஊரில் ஏக கிராக்கி. மூக்கு உள்ளடங்கிப் போனதால் இவற்றுக்குச் சுவாசம் விடுவதே ஒரு கச்சேரி. நாற்காலிக்கு அடியில் படுத்த அரை நிமிஷத்துக்குள் அது தன் வித்தையைக் காட்டத் தொடங்கவே, அபேட்சகர் நிராகரிக்கப்பட்டார். "உங்க குறட்டைக்கு இது எவ்வளவோ தேவலை" என்று மாமி சமையலறையிலிருந்து கூறிய அபிப்பிராயம் குறிப்பேட்டில் ஏறவில்லை.

தூய வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்குமாக, ஜமீன்தாரைப்போல் படியேறி வந்த ராஜபாளையம் நாயின் விஷயம் அவ்வளவு எளிதாக முடியவில்லை. 2005-இல் தபால் இலாகா வெளியிட்ட நாய்த் தபால்தலைகள் நான்கில் ராஜபாளையமும் ஒன்று என்று அதன் சொந்தக்காரர் சொன்னவுடனே, சர்க்கார் முத்திரை பெற்ற எதையும் தலைவணங்கி ஏற்கும் நம் பரீட்சகர் பாதி வசமாகிவிட்டார். அந்த வம்சத்தில் பிறவியிலேயே செவிப்புலன் இல்லாத குட்டிகள் பிறப்பது சகஜம். இதுவும் அப்படிப் பிறந்ததுதான். வேறெந்த நாய் குரைத்தாலும் இதன் காதில் விழாது, ஆகவே பதிலுக்குக் குரைக்கவும் குரைக்காது என்று சொந்தக்காரர் பெருமையோடு விளக்கினார். மௌனத்தைத் தவிர வேறொன்றும் வேண்டாத வீட்டுக்காரருக்கு இதைவிட உத்தமமான நாய் உலகத்தில் உண்டா? ஆனால் தணிக்கைக்காரரின் புத்தி வீட்டுக்காரரின் புத்தியை முந்திக்கொண்டது.

"திருடன் வந்தா?"

"தெரியாதுங்க."

"போஸ்ட்மேன் வந்தா?"

"அதுவும் தெரியாதுங்க."

"அப்போ இது என்னதான் பண்றது?"

"சாப்பிடுங்க. அப்புறம் படுத்துக்கும்."

வேலை ஒன்றும் இல்லாத பதவிக்கு நாளொன்றுக்கு இரண்டு வேளைப் படி வழங்கப்படுவதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. செலவு தம்முடையதல்ல என்பதை நான் நினைவூட்டியும் பயனில்லை. நாய் குரைத்தால் குற்றம், குரைக்காவிட்டால் விரயம் என்ற அவருடைய சித்தாந்தத்துக்கு இடையில் எந்த நாய்தான் புகுந்து மீள முடியும்?

பூனையோடு வந்த பெண்மணி சட்டத்தோடும் வந்தாள். ஜீவராசிகளிடம் கருணை காட்டுவது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று அரசியல் சாசனத்தின் 51-ஏ பிரிவு சொல்கிறது என்றாள். குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்புப் பிராணிகளுக்குத் தடை போடக் கூடாதென்று பிராணிகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின் பிரதியையும் மேஜைமேல் வைத்தாள். பரீட்சகர் அதைச் சாவகாசமாக வாசித்து, "இது சங்கத்துக்கு அம்மா. நான் சங்கம் இல்லையே, தனி மனுஷன்" என்று திருப்பிக் கொடுத்தார். அவள் சளைக்கவில்லை. அந்த வாரியம் 1962-இல் நம் சென்னையில் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரைத் தலைவராகக் கொண்டு தொடங்கப்பட்டதல்லவா, அவருடைய ஊரில் இருந்துகொண்டே ஒரு பூனைக்கு இடம் இல்லையென்று சொல்லலாமா என்று கேட்டாள். மாமி சிறுவயதில் அடையாற்றிலே அந்த அம்மையாரைத் தூரத்திலிருந்து தரிசித்தவள். சமையலறையில் பாத்திரங்களின் ஓசை நின்றுவிட்டது. பரீட்சகர் தர்மசங்கடத்தில் நெளிந்தார்.

ஆனால் பூனையைப் பற்றிய அவருடைய அச்சம் சகுனத்தைச் சேர்ந்ததன்று, பிதிரார்ஜிதமானது. அவருடைய தகப்பனாருக்குத் திருவல்லிக்கேணியில் ஒரு வீடு இருந்தது. அதில் குடியேறிய ஒருவர், 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடித்தனக்காரருக்கு அளித்த பாதுகாப்பில் வேரூன்றி, சிறுவழக்கு நீதிமன்றத்தில் வாய்தா மேல் வாய்தாவாக வாங்கி, தகப்பனாரின் ஷஷ்டியப்தபூர்த்திக்கும் சதாபிஷேகத்துக்கும் அதே வீட்டிலிருந்தபடியே வந்து ஆசீர்வாதம் வாங்கிச் சென்றார். 'காலி செய்யமாட்டேன்' என்ற வார்த்தை அன்று முதல் இவருடைய ரத்தத்தில் ஊறிக் கிடக்கிறது. "நாய் மனுஷாளோட வரும், மனுஷாளோட போயிடும். பூனைக்கு வீடுதான் சொந்தம். நீங்க காலி பண்ணிட்டுப் போனாலும் அது காலி பண்ணாதே அம்மா. நான் யார் மேலே கேஸ் போடறது?" என்று அவர் கேட்டபோது குரல் உண்மையாகவே தழுதழுத்தது. 2017-ஆம் வருஷத்துப் புதுச் சட்டம் பழைய சட்டத்தை அகற்றி 2019 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறதே என்றாள் அவள். அதில் பூனையைப் பற்றி ஒரு ஷரத்தும் இல்லை என்றார் இவர். அந்தப் புதுச் சட்டத்திலும், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்ற விதியைக் காட்டிலும், 'வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில்' என்ற சொற்றொடரே சட்டத்தின் ஜீவநாடி என்பது அவர் கொள்கை.

பச்சைக்கிளியோடு வந்தவர் பாடு இன்னும் பரிதாபம். கூண்டை ஊஞ்சல் பலகையில் வைத்ததுதான் தாமதம். கிளி கழுத்தைச் சாய்த்துப் பரீட்சகரை ஏற இறங்கப் பார்த்தது. அவருடைய தோற்றத்திலும் தோரணையிலும் எதைக் கண்டுகொண்டதோ, "அப்பா வீட்ல இல்லே! அப்பா வீட்ல இல்லே!" என்று தெளிவான உச்சரிப்பில் முழங்கிற்று. முந்தைய வீட்டுக்காரரிடமிருந்து வாங்கிவரும் எந்த நற்சான்றுப் பத்திரமும் இவ்வளவு உண்மை பேசியதில்லை. 1972-ஆம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நாட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பதே குற்றம் என்பதை அந்தக் குடும்பத் தலைவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று, அவர் கூண்டைத் துணியால் மூடிக்கொண்டு போகும்போது, துணிக்குள்ளிருந்து "நாளைக்கு வாங்க!" என்ற குரல் தெருமுனை வரையில் கேட்டது.

ஆனி முடிய ஒரு வாரமே பாக்கி இருக்கையில் புரோக்கர் அழைத்து வந்தவர் அடக்கமே உருவான மனுஷர். நெற்றியில் விபூதி, தோளில் துண்டு, கையைக் கட்டிக்கொண்டு பேசும் சுபாவம். உத்தியோகம் என்னவென்று கேட்டதற்கு, "கோயில்ல வேலைங்க" என்றார். பரீட்சகர் அந்தப் பதிலில் பரவசமாகி, அதற்கு மேல் மனுஷரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏனெனில் அவருடைய கவனமெல்லாம் அதற்குள் பிராணியின் மீது பாய்ந்துவிட்டது.

"என்ன வளர்க்கறேள்?"

"மீன்தாங்க. ஒரே ஒரு தொட்டி."

மீன்! குரைக்காது, கத்தாது, மயிர் உதிர்க்காது, மாமனார் பெயர் வைத்தாலும் கூப்பிட்டால் வராது. ஆனாலும் வசப்பட்டுவிட்டதாகக் காட்டிக்கொள்வது தணிக்கை தர்மத்துக்கு விரோதம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்று தொட்டியின் அளவைக் கேட்டு, காகிதத்தில் பெருக்கிப் பார்த்து, ஐம்பத்தாறு லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும், அதாவது ஐம்பத்தாறு கிலோவுக்கு மேல் தளத்தின் மீது பாரம் ஏறும் என்று தீர்ப்புச் சொன்னார். வாரந்தோறும் கொட்டுகிற தண்ணீர் லாரித் தண்ணீரா, போர் தண்ணீரா? காற்றுக் குமிழி விடும் யந்திரம் இரவும் பகலும் ஓடினால் அதற்கு மீட்டர் எது? தொட்டி உடைந்தால் கீழ்க் கூரை கசிவதற்கு யார் ஜவாப்தாரி? மீன் குஞ்சு பொரித்தால், அவை 'கூடுதல் குடியிருப்போர்' என்ற பதத்தில் அடங்குமா? வந்தவர் எல்லாவற்றுக்கும் "அப்படியே ஆகட்டுங்க" என்றார். பதினோரு மாதத்துக்கு வழக்கம்போல் ஒப்பந்தம் எழுதப்பட்டது. முத்திரைத் தாளில், 'மேற்படி மீன்கள்' என்று தொடங்கும் ஷரத்துகள் மட்டும் இரண்டு பக்கத்துக்கு நீண்டன. மேற்படி மீன்களாலோ, அவற்றின் யந்திரத்தாலோ, இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரையில் எவ்வித ஓசையும் எழலாகாது என்ற ஷரத்தைப் பரீட்சகரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சாட்சிக் கையெழுத்தும் என்னுடையதே.

சுபதினத்தில் பால் காய்ச்சினார்கள். சாமான்கள் ஏறின. அவற்றுள், உறை போட்டுத் தைத்த, பீப்பாய் வடிவமான கனத்த பொருள் ஒன்றை இரண்டு பேர் தூக்க முடியாமல் தூக்கி வந்தார்கள். அது மீன் சம்பந்தமான பாத்திரம் என்று எண்ணிய பரீட்சகர், "மெதுவா, மெதுவா, செவுத்துலே இடிச்சுடாதீங்கோ" என்று தாமே ஒரு பக்கம் கைகொடுத்து மாடிப்படியில் ஏற்றிவிட்டார்.

மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு அந்த உறை கழற்றப்பட்டது. வந்தவர் கோயிலில் பார்க்கும் வேலை தவில் வாசிப்பது. வலக்கை விரல்களில் கூடுகளை மாட்டிக்கொண்டு, இடக்கையில் கழியை எடுத்து, ஆண்டவனுக்கும் குருவுக்கும் நமஸ்காரம் செய்துவிட்டு அவர் சாதகம் தொடங்கிய அந்தக் கணத்தில், மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்றின் ஓசை எங்களில் யாருக்கும் கேட்கவில்லை. மாமி எழுந்து விளக்கேற்றி, அதிகாலையில் வீட்டிலேயே மங்கள வாத்தியம் முழங்குவதற்குப் பூர்வ புண்ணியம் செய்திருக்க வேண்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆகையால், சப்தம் அமங்கலமானது என்ற முறையில் ஆட்சேபிக்கும் வழியும் அடைபட்டுப் போயிற்று. பரீட்சகர் தமது அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையில் படித்தார். பிறகு என்னையும் எழுப்பிப் படிக்கச் செய்தார். எத்தனை முறை படித்தாலும், ஓசை எழுப்பக் கூடாதென்ற ஷரத்து மீன்களை மட்டுமே கட்டுப்படுத்திற்று.

இருந்தும் அவர் விடவில்லை; ஒப்பந்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மேல்துண்டைப் போர்த்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். நானும் பின்னால் போனேன். கதவைத் தட்டியதும் தவில் நின்றது. கதவைத் திறந்த வித்வான், வீட்டுக்காரரின் சிவந்த கண்களையும் கையிலிருந்த முத்திரைத் தாளையும் மாறி மாறிப் பார்த்து, உள்ளூர நடுங்கிப் போய், தொட்டி இருந்த மூலையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"ஏனுங்க சார், மீனுங்க ஏதாச்சும் தொந்தரவு பண்ணிடுச்சுங்களா?"